வேறு மைக்கில் விழுந்தது

ஜாஸ் கச்சேரிப் பதிவுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'உயிரோட்டம்' என்ற சொல் எங்கிருந்தோ வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டுவிடுகிறது. ஸ்டூடியோவில் எடுத்தது சவம், மேடையில் எடுத்தது உயிர் என்று ஒரு சுலபமான பாகுபாடு. எனக்கு இதில் உடன்பாடில்லை. லூயி ஆம்ஸ்ட்ராங் 1920களின் பிற்பகுதியில் சிகாகோவின் ஒலிப்பதிவு அறைகளில் தன் சிறு குழுவோடு செய்த தட்டுகளை உயிரற்றவை என்று சொல்வதற்குக் காது இல்லாமல் இருக்க வேண்டும். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற பதிவுகள் எவை என்று பார்த்தால் அநேகமாக எல்லாமே மேடையில் எடுத்தவைதான். இதற்கு எனக்கே ஒரு விளக்கம் தேவையாக இருந்தது. கைதட்டல் காரணமல்ல. கைதட்டலைப் பிற்பாடு ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டியும் இருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் 3 நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். இந்த அளவை எந்த ரஸனையும் தீர்மானிக்கவில்லை. தட்டின் விட்டமும் அது சுழலும் வேகமும் தீர்மானித்தன. நம் பழைய கிராமபோன் தட்டுகளில் ராகம் முகத்தைக் காட்டிவிட்டு உடனே கீர்த்தனைக்குள் ஓடி ஒளிந்துகொள்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஜாஸில் தனி வாசிப்பு கட்டப்படுவது 'கோரஸ்' கணக்கில். பாட்டின் சட்டகத்தை முழுசாக ஒரு தடவை சுற்றி வருவது ஒரு கோரஸ். ப்ளூஸ் என்றால் அந்தச் சட்டகம், நான்கு தட்டுகள் கொண்ட 12 அலகுகள். தட்டில் ஒருவருக்கு ஒரு கோரஸ் கிடைத்தால் அதிகம். பாதி கிடைத்தவர்களே அநேகம். இந்த நெருக்கடி சிலரைச் செதுக்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதே கலைஞர்கள் ராத்திரி நடன அரங்குகளில் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று ஒரே உருப்படியை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நீளம் தட்டில் ஏறவில்லை. ஆக ஜாஸுக்கு இரண்டு சரித்திரங்கள்: பதிவானது ஒன்று, இரவில் நடந்து கரைந்துபோனது இன்னொன்று. புத்தகங்கள் முதலாவதைத்தான் எழுதுகின்றன, கையில் இருப்பது அதுதான் என்பதால்.

இரண்டாவதிலிருந்து சில துண்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல. பித்துப் பிடித்த சில தனி மனிதர்கள். 1941ல் ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் தட்டு வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் என்ற கிளப்புக்குப் போனார். சார்லி கிறிஸ்டியனின் கிட்டார் அங்கே கோரஸ்மேல் கோரஸாக ஓடுகிறது. பென்னி குட்மன் குழுவின் தட்டுகளில் இதே மனிதருக்குச் சில விநாடிகள்தான். 1942 மார்ச்சில், 25 வயதில், கிறிஸ்டியன் க்ஷயரோகத்தில் இறந்துபோனார். அதே வருஷம் ஆகஸ்டிலிருந்து அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு செய்வதற்குத் தடை விதித்தது. பெரிய கம்பெனிகளைப் பொறுத்தவரை தடை முழுக்க நீங்க 1944 நவம்பர் ஆயிற்று. பீபாப் என்ற புதிய ஜாஸ் உருவானது இந்த இடைவெளியில்தான். மின்டன்ஸில் அந்த இயந்திரம் இல்லாதிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் கேட்கத்தக்க சாட்சியம் இன்னும் மெலிந்துபோயிருக்கும்.

1940 நவம்பர் 7ஆம் தேதி வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்ற ஊரின் நடன அரங்கில் டியூக் எலிங்டன் குழு வாசித்ததை ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் அனுமதி வாங்கிப் பதிவு செய்தார்கள். விற்பனைக்காக அல்ல. முறையான வெளியீடாக அது வந்தது 1978ல். எலிங்டனின் ஆகச் சிறந்த குழு 1940ல் இருந்ததுதான் என்பது பொதுக் கருத்து. அதன் ஸ்டூடியோத் தட்டுகள் ஒவ்வொன்றும் கடைந்தெடுத்தவை. ஃபார்கோவில் அந்தக் கடைசல் இல்லை. தட்டு மாற்றுகிறபோது சில உருப்படிகள் பாதியில் நின்றுபோகின்றன. குழுவை விட்டு அப்போதுதான் விலகியிருந்த கூட்டி வில்லியம்ஸின் இடத்துக்கு ரே நான்ஸ் வந்த புதிது. சில இடங்களில் தடவிப் பார்த்துக்கொண்டு வாசிக்கிறார். ஆனால் 22 வயது ஜிம்மி பிளான்டனின் பாஸ் இங்கே கேட்பதுபோல ஸ்டூடியோவில் கேட்காது. கூட்டம் ஆடிக்கொண்டிருக்கிறது, அந்தக் கால்களுக்குக் கீழே இன்னொரு தரையைப் போட்டுக்கொண்டு போகிறது அது. பிளான்டனும் 1942ல் க்ஷயரோகத்தில் போய்ச் சேர்ந்தார். பென் வெப்ஸ்டர் 'ஸ்டார் டஸ்ட்'டை எடுத்துக்கொண்டு டெனர் ஸாக்ஸஃபோனில் நிதானமாக நடந்துபோவதும் இங்கேதான். அவசரம் இல்லாமல் வாசிக்க அனுமதிக்கப்பட்ட மனிதனின் வாசிப்பு.

மூன்றாவது ஆள் டீன் பெனடெட்டி. இவரைப் பற்றி எனக்கு ஒரு சண்டை உண்டு. இவரும் ஸாக்ஸஃபோன் வாசிப்பவர்தான்; சார்லி பார்க்கரைக் கேட்ட பிறகு அவர் பின்னாலேயே போனார். 1947லும் 1948லும் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் கிளப்புகளில் தட்டிலும் காகித நாடாவிலும் பார்க்கரைப் பதிவு செய்தார் - பார்க்கரை மட்டும். மற்றவர்கள் வாசிக்க ஆரம்பித்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். வெகு காலம் கட்டுக்கதையாகவே பேசப்பட்டு, 1990ல் இந்தப் பதிவுகள் வெளியாயின. பார்க்கர் பக்தர்களுக்கு இது வேதம். நான் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன்; மூச்சு முட்டியது. டெலிபோனில் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பது மாதிரி, பதில்கள் மட்டும் வருகின்றன. முன்னால் வாசித்த ட்ரம்பெட்காரர் எந்த இடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார், பார்க்கர் அதை எடுத்துக்கொண்டாரா உதறினாரா, ஒன்றும் தெரியாது. பெனடெட்டி மேதையைப் பத்திரப்படுத்தினார், மேதைமை செயல்பட்ட சூழலை வெட்டி எறிந்துவிட்டார். கவிதைத் தொகுப்பிலிருந்து 'நல்ல வரி'களை மட்டும் பொறுக்கி நோட்டில் எழுதிக்கொள்கிறவர்களை நமக்குத் தெரியும்.

இவையெல்லாம் தற்செயலாகத் தப்பியவை. 1948ல் கொலம்பியா கம்பெனி நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது, காந்த நாடாவும் அதே சமயத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஒரு பக்கத்தில் 20 நிமிஷத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அதற்கப்புறம் மேடைப் பதிவு கம்பெனிகளின் சரக்காயிற்று. சரக்கானதும் பொய்யும் கூடவே வந்தது.

1956 ஜூலை 7, சனிக்கிழமை இரவு. ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட் நகரம், பணக்காரர்களின் கோடைவாசஸ்தலம். ஜார்ஜ் வீன் 1954ல் ஆரம்பித்த ஜாஸ் விழா. எலிங்டனுக்கு அப்போது 57 வயது. ஐம்பதுகளில் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு மவுசு போய்விட்டது. முந்தைய வருஷக் கோடையில் இந்த மனிதர் நியூயார்க்கில் நீர்ச் சாகசக் காட்சி ஒன்றுக்குப் பின்னணி வாசித்துப் பிழைக்க வேண்டியிருந்தது. முடிந்துபோனவர் என்றுதான் பேச்சு. அன்றிரவு குழு முதலில் மேடையேறியபோது நான்கு பேரைக் காணோம். ஒன்றிரண்டு உருப்படியோடு இறங்கிவிட்டு, மற்றவர்களெல்லாம் வாசித்து முடிந்து, நள்ளிரவை ஒட்டித்தான் மறுபடி ஏறினார்கள். ஜனங்கள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம்.

விழாவுக்கென்று எழுதிய புதிய தொகுப்பொன்றை வாசித்தார்கள். மரியாதையான கைதட்டல். பிறகு 1937ல் எழுதிய ஒரு பழைய ஜோடி உருப்படியை எடுத்தார் எலிங்டன்: 'டிமினுவெண்டோ அண்ட் க்ரெஷெண்டோ இன் ப்ளூ'. ஒலி தேய்வது ஒன்று, வளர்வது மற்றொன்று. பழைய 78 தட்டின் இரண்டு பக்கங்களில் இரண்டு பாதிகளாக இருந்தது. தட்டைத் திருப்பிப் போடும் அந்த இடைவெளி இருக்கிறதே, அதை மேடையில் எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டும். நிரப்பும் வேலையை டெனர் ஸாக்ஸஃபோன் வாசிக்கும் பால் கோன்ஸால்வெஸிடம் விட்டார்.

கோன்ஸால்வெஸ் 27 கோரஸ் வாசித்தார். 12 அலகு வீதம் 324 அலகுகள், ஏறக்குறைய 6 நிமிஷம், ஒரே ப்ளூஸ் சட்டகத்தின்மேல். சிறிது நேரத்தில் முன்வரிசைப் பக்கம் கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்தார். ஓரத்தில் நின்றிருந்த பழைய டிரம் வித்வான் ஜோ ஜோன்ஸ் ஒரு பத்திரிகையைச் சுருட்டி மேடை விளிம்பில் தாளம் போட்டார். சுமார் 7,000 பேர் கொண்ட கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. கலவரமாகிவிடுமோ என்று வீன் பயந்தார். அடுத்த மாதம் எலிங்டன் படம் 'டைம்' வாரப் பத்திரிகையின் அட்டையில். தாம் பிறந்ததே 1956 நியூபோர்ட்டில்தான் என்று பிற்காலத்தில் அவர் சொல்லிக்கொள்வார்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இனிதான் விஷயம். அன்றைக்கு மேடையில் இரண்டு பேருடைய மைக்குகள் இருந்தன. ஒன்று கொலம்பியா கம்பெனியுடையது. மற்றது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியுடையது. கோன்ஸால்வெஸ் எழுந்து வந்து நின்றது வானொலியின் மைக்குக்கு முன்னால். கொலம்பியாவின் நாடாவில் அவருடைய வாசிப்பு அடுத்த அறையிலிருந்து வருவதுபோல விழுந்திருந்தது. புதிய தொகுப்பு சரியாக ஒத்திகை பார்க்காமல் வாசிக்கப்பட்டதில் எலிங்டனுக்குத் திருப்தியில்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன் குழுவை ஜூலை 9ஆம் தேதி நியூயார்க்கில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தார். திரும்ப வாசித்தார்கள். ஸ்டூடியோப் பதிவின்மேல் கைதட்டல் சேர்க்கப்பட்டது. மேடைப் பதிவுடன் வெட்டி ஒட்டப்பட்டது. 'எலிங்டன் அட் நியூபோர்ட்' என்று வெளிவந்து, எலிங்டன் வாழ்க்கையிலேயே மிக அதிகமாக விற்ற எல்.பி. அதுதான். அதில் பெரும்பகுதி நியூபோர்ட்டில் நடந்ததல்ல.

43 வருஷம் உலகம் இதைத்தான் மேடைப் பதிவின் உச்சம் என்று கேட்டது. நானும் இதைக் கேட்டுத்தான் சிலிர்த்தேன். பிறகு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் நாடா வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. ஃபில் ஷாப் என்ற ஜாஸ் சரித்திரக்காரர் இரண்டு நாடாக்களையும் நூல் பிடித்தாற்போல் ஒன்றாக ஓடவைத்தார். இடது காதுக்கு ஒரு மைக், வலது காதுக்கு ஒரு மைக் என்று அந்த இரவு 1999ல் இரண்டு குறுந்தகடுகளாக வெளிவந்தது. கோன்ஸால்வெஸ் முதன்முறையாக மேடையின் முன்னால் வந்து நின்றார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஃபோர்ஜரி அல்ல. இதைவிடப் பெரிய மோசடிகளைப் பதிப்புலகில் பார்த்திருக்கிறோம். ஸ்டூடியோவில் எலிங்டன் எதைத் திரும்பச் செய்தார், எதைச் செய்யவில்லை என்பதுதான். தொகுப்பைத் திரும்பச் செய்தார். அது எழுதப்பட்ட சங்கீதம்; திருத்தம் அதன் உரிமை. மேடையில் தப்பும் தவறுமாக வெளிப்பட்ட பிரதியை விட்டுவிட்டுச் செப்பனிட்டதைத் தருகிறேன் என்று ஆசிரியன் சொன்னால், அதை மறுக்க நமக்கென்ன பாத்யதை இருக்கிறது? அந்தத் தொகுப்பு ஸ்டூடியோவில்தான் மேலாக இருக்கிறது என்பதே என் தீர்ப்பும். ஆனால் கோன்ஸால்வெஸின் 27 கோரஸ்களை அவர்கள் திரும்ப எடுக்கவில்லை. மங்கலாகக் கேட்டாலும் பரவாயில்லை, தூரத்தில் கேட்டாலும் பரவாயில்லை என்று அந்தப் பழுதுபட்ட ஒலியையே தட்டில் வைத்தார்கள். கோன்ஸால்வெஸ் கையெட்டும் தூரத்தில் இருந்தார். அதே வாத்தியம், அதே குழு, இரண்டே நாள் இடைவெளி. அதே நோட்டுகளை வாசிப்பது கஷ்டமாயிருந்திருக்காது. அந்த வாசிப்பை எழுதிப் பார்த்தால் பெரிய சங்கதிகள் எதுவுமில்லை; உச்ச ஸ்தாயியில் அலறல் கிடையாது, வித்தை கிடையாது. சின்னச் சின்னச் சொற்றொடர்களைப் பிடித்து, திருப்பி, விட்டு, அடுத்ததைப் பிடித்துக்கொண்டு போகிறார். பெரிய கலைஞர்கள் வரிசையில் கோன்ஸால்வெஸை வைப்பவர்கள் சொற்பம், நானும் வைக்கமாட்டேன். அன்றிரவு அவர் செய்தது ஒன்றுதான் - நிறுத்தவில்லை. ஒவ்வொரு கோரஸ் முடிவிலும் நிறுத்திவிடலாம். பத்தாவதில் நிறுத்தியிருந்தால் நல்ல வாசிப்பு என்று கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எலிங்டன் கத்துகிறார், இன்னும், இன்னும் என்று. கூட்டத்தின் இரைச்சல் கடல் மாதிரி ஏறுகிறது. பதினொன்றாவதை ஆரம்பிக்கிறபோது பன்னிரண்டாவதில் என்ன இருக்கப்போகிறது என்று அவருக்கே தெரியாது. ஆரம்பித்த பிறகு வாபஸ் வாங்க முடியாது. இந்தத் தெரியாமைக்கும், வாபஸ் வாங்க முடியாமைக்கும் நடுவில் உண்டாகிற ஒன்றை ஸ்டூடியோவில் இன்னொரு தடவை நிர்மாணிக்க முடியாது என்று எலிங்டனுக்குத் தெரிந்திருந்தது. பொய்யான தட்டைச் செய்த அதே கைகள் எது பொய் செய்யப்பட முடியாதது என்பதையும் கோடு போட்டுக் காட்டிவிட்டன.

ஒரு உபகதை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா அமெரிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டு ஒலிபரப்பு. பனிப்போர்ப் பிரசாரத்தின் ஒரு கை. 1955 முதல் வில்லிஸ் கோனோவர் அதில் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சிக்குக் கிழக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சிற்றலை ரேடியோக்களில் காதைப் பொருத்திக்கொண்டு காத்திருந்தவர்கள் லட்சக்கணக்கில். ஆனால் 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி அன்றைக்கு அது அமெரிக்கர்களுக்கான ஒலிபரப்பாக இருக்கவில்லை. ஆக, நியூபோர்ட் இரவு முழுசாக விழுந்த நாடா, எங்கோ இருக்கிற நம்மைப்போன்ற அந்நியர்களுக்காகப் பிடிக்கப்பட்டது. சொந்த ஊர்க்காரர்களுக்கு ஒட்டுப்போட்டது. இதே கதை இன்னொரு தடவையும் நடந்தது. பியானோ வித்வான் தெலோனியஸ் மங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் 1957ல் மாதக்கணக்கில் ஃபைவ் ஸ்பாட் என்ற கிளப்பில் சேர்ந்து வாசித்தார்கள். ஸ்டூடியோவில் எடுத்தது சொற்பம். அந்த வருஷம் நவம்பர் 29 அன்று கார்னெகி ஹாலில் அவர்கள் வாசித்ததை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பதிந்து வைத்திருந்தது. அந்த நாடா காங்கிரஸ் நூலகத்தின் அலமாரியில் கண்ணில் பட்டது 2005ல். பிரசாரத்துக்கென்று பிடித்ததில் பிரசாரம் ஆவியாகிவிட்டது, சங்கீதம் தங்கிவிட்டது. பிரசார இலக்கியம் பற்றி நாம் போடும் சண்டைகளில் இதை யார் கட்சிக்குச் சாதகமாகச் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

ஒட்டுவேலைக்கு இன்னும் இரண்டு உதாரணம் சுருக்கமாக. 1953 மே 15, டொரான்டோவின் மாஸி ஹால்: பார்க்கர், கில்லெஸ்பி, பட் பவல், மிங்கஸ், மாக்ஸ் ரோச் - பீபாப்பின் ஐந்து தலைகளும் ஒரே மேடையில். அன்றைக்கே ராக்கி மார்சியானோவின் குத்துச்சண்டை. அரங்கில் ஏராளமான நாற்காலிகள் காலி. பாஸ் சரியாகப் பதிவாகவில்லை என்று மிங்கஸ் பிற்பாடு ஸ்டூடியோவில் தன் பகுதியை மேலே வாசித்துச் சேர்த்தார். ஒப்பந்தச் சிக்கலால் தட்டில் பார்க்கரின் பெயர்கூட 'சார்லி சான்'. இன்னொன்று, 1966ல் கானன்பால் ஆடெர்லியின் 'மெர்ஸி, மெர்ஸி, மெர்ஸி'. சிகாகோவில் ஒரு நண்பரின் கிளப்பில் எடுத்தது என்று உறை சொல்கிறது. எடுத்தது ஹாலிவுட்டில் கேப்பிட்டல் ஸ்டூடியோவில். ஆட்களை அழைத்து, குடிக்கக் கொடுத்து உட்காரவைத்து. ஆனால் அந்த ஆட்கள் நிஜமாகவே அங்கே இருந்தார்கள். அவர்கள் சத்தம் வாசிப்பவர்களைத் தள்ளுவது கேட்கிறது. நியூபோர்ட்டில் விலாசம் மெய், கைதட்டல் பொய். இங்கே விலாசம் பொய், கைதட்டல் மெய். இரண்டில் ஒன்று என்றால் எனக்கு இரண்டாவது போதும்.

கூட்டம் வாசிப்பவரைத் தள்ளுவதுதான் மேடைப் பதிவின் மகத்துவம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். நேர் எதிரான உதாரணம் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு, ஏழாவது அவென்யூவில் படியிறங்கிப் போக வேண்டிய ஒரு முக்கோண நிலவறை. நூற்றுச் சொச்சம் பேர் உட்காரலாம். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பில் எவான்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷியன் டிரம். பகலில் 2, இரவில் 3 என்று 5 அமர்வுகள். ரிவர்சைடு கம்பெனிக்காக ஆரின் கீப்நியூஸ் பதிவு செய்தார். முதல் உருப்படியின் நடுவிலேயே மின்சாரம் ஒரு கணம் தடுமாறி நாடாவில் ஓட்டை விழுந்தது.

இந்தப் பதிவில் கூட்டம் இருக்கிறது, ஆனால் கேட்கவில்லை. தம்ளர்கள் இடிபடுகின்றன. யாரோ ஒரு பெண் சிரிக்கிறார். 'மை ஃபூலிஷ் ஹார்ட்' என்ற பாட்டில் எவான்ஸ் ஒரு ஸ்வரக் கொத்தை வைத்துவிட்டு அது அடங்குவதற்காகக் காத்திருக்கிறார். அந்த மௌனத்தில் மேஜைப் பேச்சு தெளிவாக விழுகிறது. இந்தப் பேச்சை நாடாவிலிருந்து நீக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு வேண்டும். அது இருப்பதால்தான் அந்த மூன்று பேரும் எவ்வளவு நெருங்கி உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள் என்பது புலப்படுகிறது. வழக்கமான பாஸ்காரர் நடை போட்டுத் தாளத்தைத் தாங்குவார். லஃபாரோ அந்த வேலையைச் செய்வதில்லை. மேல் ஸ்தாயிக்குப் போய் பியானோவின் வாக்கியத்தை வெட்டுகிறார், பாதியில் எடுத்துக்கொள்கிறார், சும்மாவும் இருக்கிறார். மோஷியன் பிரஷ்ஷால் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தைத் தொட்டுக் காட்டுகிறார். தாளத்தை யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது விழவில்லை. எவான்ஸ் முன்வைத்த ஜாஸ் இதுதான்: ஒருவர் பேச இருவர் சுமப்பது அல்ல, மூவரும் பேசுவது. ஸ்டூடியோவில் இதே மூவர் செய்த இரண்டு தட்டுகளும் அழகானவை. அங்கே அறையே அவர்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. இங்கே அவர்கள் அந்த மௌனத்தைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

11 நாள் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, 25 வயதில் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். எவான்ஸ் மாதக்கணக்கில் பியானோவைத் தொடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முதல் எல்.பி.யைப் பொறுக்கியபோது லஃபாரோ எழுதிய 'குளோரியாஸ் ஸ்டெப்'பில் ஆரம்பித்து, அவர் எழுதிய 'ஜேட் விஷன்ஸ்'ஸில் முடித்தார். இந்தச் சாவு அந்தத் தட்டின்மேல் ஒரு பனிப்படலத்தைப் போர்த்திவிட்டது. மதிப்புரைகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. சாவின் முன்னறிவு அந்த வாசிப்பில் கேட்பதாகச் சொல்பவர்களும் உண்டு. இது வாசகன் பின்னால் இருந்துகொண்டு செய்யும் வேலை. லஃபாரோவுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரவின் கடைசி அமர்வில் 'ஜேட் விஷன்ஸ்'ஸை அடுத்தடுத்து இரண்டு தடவை வாசிக்கிறார்கள். சாவை உணர்ந்த மனிதர்கள் செய்யும் காரியமல்ல. முதல் தடவை சரியாக வரவில்லை, இன்னொரு தடவை பார்ப்போம் என்கிற, நாளைக்கும் வேலைக்கு வரப்போகிறவர்களின் காரியம். அந்தச் சாதாரணம்தான் எனக்கு முக்கியம். 2005ல் 5 அமர்வுகளும் வரிசை குலையாமல், மின்சாரம் தடுமாறிய இடம் உட்பட, மூன்று தகடுகளாக வந்தபோது இது இன்னும் தெளிவாயிற்று. மகத்தான கலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாக நடந்திருக்கிறது, முன்னால் இருந்தவர்கள் பாதிப்பேர் பேசிக்கொண்டிருக்கையில்.

நான்கு மாதம் கழித்து அதே நிலவறை. 1961 நவம்பர் முதல் வாரம், நான்கு இரவுகளின் வாசிப்பை ரூடி வான் கெல்டர் பதிவு செய்தார். ஜான் கோல்ட்ரேனுக்கு 35 வயது. அதில் 'சேஸிங் த ட்ரேன்' என்ற 16 நிமிஷ உருப்படி, எல்.பி.யின் ஒரு பக்கம் முழுக்க. இதுவும் 12 அலகு ப்ளூஸ். கோன்ஸால்வெஸ் நின்ற அதே சட்டகம். அங்கே 27 கோரஸ், இங்கே 80க்கு மேல். பாட்டு என்று ஒன்று முதலில் சொல்லப்படுவதில்லை. பியானோ வாயைத் திறப்பதில்லை. டெனர் ஸாக்ஸஃபோனும் எல்வின் ஜோன்ஸின் டிரம்மும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுகிறார்கள், பாஸ் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. நியூபோர்ட்டில் வாசிப்பவர் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தார். இங்கே கோல்ட்ரேன் சட்டகத்தோடு சண்டை போடுகிறார். சில இடங்களில் தோற்கிறார். ஒரு சொற்றொடரைப் பிடித்து முறுக்குகிறார், அது எங்கேயும் போகவில்லை, சுவர். அதே இடத்துக்குத் திரும்பி வந்து வேறு பக்கமாக இடிக்கிறார். ஸ்டூடியோ என்றால் இங்கே சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, வாருங்கள், இன்னொன்று எடுத்துவிடுவோம் என்றிருப்பார்கள். அந்த இடிதான் இந்தப் பதிவின் பொருள். இதை இன்பமாகக் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். முதல் சில தடவைகள் நடுவில் நிறுத்தியிருக்கிறேன்.

அந்த மாதமே 'டவுன் பீட்' பத்திரிகையில் ஜான் டைனன், கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் செய்வது 'எதிர்-ஜாஸ்' என்று எழுதினார். அடுத்த வருஷம் இந்த எல்.பி. வந்தபோது அதே பத்திரிகை இரண்டு பேரிடம் கொடுத்து இரண்டு மதிப்புரை போட்டது, ஒன்று சார்பாக, ஒன்று எதிராக. கோல்ட்ரேனும் டால்ஃபியும் உட்கார்ந்து விமர்சகர்களுக்குப் பதில் சொன்னார்கள். டைனனைத் திட்டுவது இன்றைக்குச் சுலபம். அவர் காதில் ஒன்று விழுந்தது, அது தமக்குத் தெரிந்த ஜாஸ் இல்லை என்று சொன்னார். கேட்காமல் புகழ்ந்தவர்களைவிட அவர் மேல். 1997ல் அந்த நான்கு இரவுகளும் முழுசாக வெளியாகிவிட்டன. அதே உருப்படிகள் வெவ்வேறு இரவுகளில் வெவ்வேறாக வருகின்றன. 'இந்தியா' என்று பெயரிட்ட ஒன்று திரும்பத் திரும்ப. அதே 1961 கோடையில் வில்லேஜ் கேட் என்ற கிளப்பில் புதிய ஒலிபெருக்கி அமைப்பைச் சோதிக்க ஒற்றை மைக்கில் பிடித்த நாடா ஒன்று 2023ல் வெளிவந்தது. டிரம் எல்லாவற்றையும் அமுக்குகிறது. இருக்கட்டும், டால்ஃபி இருக்கிறார்.

டால்ஃபி 1964 ஜூன் 2ஆம் தேதி ஹாலந்தில் ஹில்வெர்ஸம் வானொலி ஸ்டூடியோவில், ஒரு சிறு கூட்டத்துக்கு முன்னால், டச்சுக் கலைஞர்கள் மூவரோடு வாசித்தார். ஜூன் 29ல் பெர்லினில் இறந்தார். வயது 36, அறியப்படாமலிருந்த நீரிழிவு. 'லாஸ்ட் டேட்' என்று பெயரிட்டு வெளியான அந்தத் தட்டு உண்மையில் அவருடைய கடைசி வாசிப்பல்ல. அதற்குப் பிறகு பாரிஸில் ஒரு வானொலிப் பதிவு செய்திருக்கிறார். தட்டின் முடிவில், கடைசி உருப்படி ஓய்ந்ததும், டால்ஃபியின் பேச்சுக் குரல் ஒரு கணம் வருகிறது: சங்கீதத்தைக் கேட்டு முடித்த பிறகு அது காற்றில் போய்விடுகிறது, திரும்பப் பிடிக்க முடியாது என்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியம். பலரும் இந்த இடத்தில் கண் கலங்குவார்கள். அந்தக் குரல் அந்த இரவினுடையது அல்ல. சில வாரங்களுக்கு முன்னால் கொடுத்த ஒரு பேட்டியிலிருந்து வெட்டி எடுத்து அங்கே ஒட்டியிருக்கிறார்கள்.